கோமாரிக் கரையில் ஒரு பங்கு மீன்

ஆவி, பேய் என்று எவரேனும் வாயெடுத்தால் அடுக்கடுக்காக மறுத்து உட்கார வைப்பவன் நான். மாண்டவர் மீள்வதில்லை என்ற அணியில் நின்று கல்முனை விவாத மேடைகளில் கிண்ணம் வென்றவன். ஆகவே நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், சண்டை சற்று ஓய்ந்து பாதை திறந்த வேளையில், என் மூத்த சகோதரி ராத்தாவுடன் பொத்துவில் பஸ்ஸில் ஏறினேன். சாய்ந்தமருது தொடங்கி அறுகம்பே வரை எல்லாக் கரைகளையும் காட்டுவதாக அவளுக்கு வாக்களித்திருந்தவர் அவளுடைய கணவர். மேடைப் பேச்சுக்காக என்னை 'மைக்' என்று கேலி செய்யும் ஒரே ஆள் அந்த மச்சான்தான். வாக்கை நிறைவேற்றுமுன் அவர் போன தோணி திரும்பவில்லை, அவர் மையித்தும் கரையொதுங்கவில்லை. அன்றிலிருந்து ராத்தா மீனைத் தொடவில்லை. பின்பு சோறும் குறைந்து, ஆளே பாதியாகிவிட்டாள்.

"அவர் கடலுக்குள்ள இரிக்கார். அந்தக் கடல்ட மீன நான் எப்புடித் தின்ற?" என்பாள். கரைகளைக் கண்டாலாவது மனம் இளகட்டும் என்று உம்மாதான் எங்களை அனுப்பினார். கடல் பக்கத்து இருக்கையை அவளுக்குக் கொடுத்தேன். அவளோ வழி நெடுக வயல் பக்கமே பார்த்து வந்தாள்.

பிற்பகலில் கோமாரியில் இறங்கினோம். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் போதாமல், வலைக்காரர் என்னையும் கூப்பிட்டார். கயிற்றில் கை வைத்த எவருக்கும் பங்கு உண்டு என்பது அங்கே வழக்கம். நான் கடைசி ஆளாக நின்றேன். எனக்குப் பின்னால் வெறும் மணல். "படிச்ச புள்ளைட காலப் பாருங்க, நண்டு ஓடுறாப்போல," என்று முன்னால் நின்றவன் சிரிக்க வைத்தான். அந்த நேரம் பார்த்து அலை வலையை உள்ளே இழுக்க, கால் வழுக்கி நான் சாயப் போனேன், நம்புங்கள், ஒரு உள்ளங்கை என் முதுகில் பதிந்து தாங்கியது. கயிறு இலேசானது. திரும்பிப் பார்க்க அவகாசமில்லை.

பங்கு பிரித்தபோது வலைக்காரர் என் முன் சூடை மீனை இரண்டு குவியலாக வைத்தார். ஒன்று அதிகம் என்றேன்.

"ஒங்களுக்குப் பின்னால நிண்டு இழுத்தவர்ர பங்கு. மைக்குக்கு இழுக்கத் தெரியா எண்டு சிரிச்சிட்டு வந்து கயித்தப் புடிச்சார். தன்ர பங்க அந்தா நிக்கிற புள்ளைக்கிட்டக் குடுக்கச் சொன்னார்."

அவர் காட்டிய இடத்தில் ராத்தா நின்றாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. முந்தானையை விரித்து அந்தக் குவியலை ஏந்திக்கொண்டாள்.

அன்று மாலை அறுகம்பே விடுதிக் குசினியில் தானே பொரித்தாள். ஒரு மீனைப் பிட்டு வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தம்பி, அவர் நனைஞ்சா இருந்தார்?"

"இல்ல ராத்தா. என்ட முதுகத் தாங்கின கை காய்ஞ்சிதான் இருந்திச்சி. சூடாவும் இருந்திச்சி."

அவள் கடல் பக்கம் திரும்பி அமர்ந்து உண்டாள்.

வலைக்காரர் யாரையோ கண்டு குழம்பியிருக்கலாம், அந்தக் கேலிப்பெயரை ராத்தாவே வாய்தவறிச் சொல்லியிருக்கலாம். இப்படி எத்தனையோ வாதங்களை நானே எனக்கு எதிராக வைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்று கயிற்றிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்த எங்கள் எல்லோருடைய கைகளும் ஈரம். என் முதுகைத் தாங்கிய கை மட்டும் எப்படிக் காய்ந்திருந்தது?