எட்டு சிலிண்டருக்கு இரண்டு கார்புரேட்டர்

குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் எங்கள் வீட்டில் மோட்டார் பைத்தியங்களின் கூட்டம் கூடிவிடும். எல்லாரும் என் கணவரின் சிநேகிதர்கள். மதுரை, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அவரவர் காரை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அருவியில் குளிக்க வருகிறோம் என்பது பேச்சுக்குத்தான். தலை துவட்டி முடிவதற்குள் தொழுவத்தில் நிற்கும் எங்கள் காரின் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு அத்தனை பேரும் அதற்குள் தலையை விட்டிருப்பார்கள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் வரிசையாக முதுகுகள் மட்டும் தெரியும். அவித்து வைத்த இட்லி ஆறிப்போகும்.

அது ஒரு தேயிலை எஸ்டேட் துரை சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன அமெரிக்க வண்டி. எட்டு சிலிண்டர். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், வயலும் தோப்புமாக இருக்கிற எங்கள் ஊருக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. ஒரு பக்கம் காளை மாடுகள், ஒரு பக்கம் வைக்கோல், நடுவில் அது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்தாலும் மறப்பார், காருக்குத் தண்ணீர் ஊற்ற என் கணவர் மறந்ததே இல்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு சாரல் காலம். அந்த வருஷம் அவர்கள் பேச்சு முழுக்கக் கார்புரேட்டர்தான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமானுக்கு அந்தப் பெயர். எங்கள் காரில் எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று இருந்தது. கோவில்பட்டிக்காரர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு அமெரிக்கக் காரின் எஞ்சின் மேல் மூன்று கார்புரேட்டர் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அங்கே இளவட்டங்கள் இரண்டும் மூன்றும் வைத்து ரோட்டில் பறக்கிறார்களாம். ஏன் வைக்கிறார்கள் என்று அன்று முழுக்க வாதம். ஒரு வாய் வழியாக இழுக்கிற காற்று வேகமாக ஓடும்போது போதாது, மூச்சு முட்டும் என்றார் ஒருவர். நடுவில் இருக்கிற சிலிண்டருக்கு நிறைய, கோடியில் இருக்கிறதுக்குக் குறைய என்று கலவை சமமாகப் போவதில்லை, பக்கத்தில் இருந்து ஊட்டினால்தான் எல்லாம் ஒன்றுபோல வேலை செய்யும் என்றார் இன்னொருவர். பார்க்க அழகாக இருக்கிறது, அதுதான் காரணம், வேறு காரணமெல்லாம் வீட்டுப் பெண்களிடம் சொல்வதற்கு என்று கோவில்பட்டிக்காரர் சிரித்தார். என் கணவர் பத்திரிகையை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது நாலாம் மாதம். அந்தப் படத்தை அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவே இல்லை.

காரணம் உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முந்தித் தலைப்பிரசவத்துக்கு வாசுதேவநல்லூரில் என் தாய்வீட்டில் இருந்தேன். வலி எடுத்தது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். இவர் இதே காரில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தென்காசிக்கு விரட்டினார். கடையநல்லூர் தாண்டியதும் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. கார்புரேட்டரில் தூசி அடைத்துவிட்டது. நடுரோட்டில் முட்டிபோட்டு அதைக் கழற்றி, நூல் நுழையாத துவாரத்தில் வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நான் உள்ளே கிடந்து அந்த ஊதுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி மறுபடி கிளம்பியது. ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைதான் இல்லை.

அதற்குப் பிறகு அவரும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வண்டியை விற்றுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். விற்கவில்லை. இப்போது மறுபடி நான் உண்டாகியிருக்கும் நேரத்தில் அமெரிக்க இளவட்டங்களைப் பார்த்துத் துள்ளுகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆடி பிறந்ததும் ஆரம்பித்துவிட்டார். மதுரையில் உடைக்க வந்த ஒரு வண்டியிலிருந்து அதே ஜாதிக் கார்புரேட்டர் இன்னொன்று வாங்கி வந்தார். இரண்டையும் உட்கார வைப்பதற்கு எஞ்சின் மேலிருக்கும் குழாயை வெட்டி ஒட்ட வேண்டும். தென்காசியில் லேத் பட்டறை வைத்திருந்தவரிடம் போனார். அந்த மனுஷர் இவருக்கு மேல். செய்வதுதான் செய்கிறோம், மூன்றாகவே வைத்துவிடலாம் அண்ணாச்சி, ஊரே திரும்பிப் பார்க்கும் என்று நச்சரித்திருக்கிறார். இவர் இரண்டு போதும் என்று சொல்லிவிட்டார். முதலில் வெட்டியது கோணலாகப் போய், இன்னொரு குழாய்க்கு அலைந்தார்கள். ஆவணி வந்தது. வண்டி பாகம் பாகமாகச் சாக்கு விரிப்பில் கிடந்தது.

என் வயிறு வளர வளர எனக்கு அந்தச் சாக்கு விரிப்புதான் கண்ணில் நிற்கும். விடிந்ததும் தொழுவத்துக்குப் போய் நேற்றைவிட இன்றைக்குச் சாக்கில் சாமான் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பாளையங்கோட்டை டாக்டரம்மா, முதல் பிரசவம் அப்படி ஆனதால் இந்தத் தடவை தங்களிடம்தான் வர வேண்டும், ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அங்கேயே வந்து தங்கிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? நட்டும் போல்ட்டும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமா? எதுக்கு இந்த வேண்டாத வேலை என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எட்டுப் பிள்ளைக்கும் ஒரே கரண்டியில சோறு போட்டா கடைசிப் பிள்ளைக்குப் பத்தாதுல்லா" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

பிள்ளைக் கணக்கை என்னிடமே பேசுகிறாரே என்று ஆத்திரத்தில் எழுந்து வந்துவிட்டேன். அன்று ராத்திரி அவருக்குச் சோறு போட்டது என் மாமியார்.

புரட்டாசியில் ஒருவழியாக வண்டியைப் பூட்டினார். அதற்குப் பிறகு இன்னொரு வேலை இருந்தது. இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று இழுக்க ஒன்று தூங்கும். அதற்கு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயருகே வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். அந்த வாயில் உஸ்ஸென்று ஒரு சீறல். பிறகு இந்த வாயில். திருகாணியை இம்மி திருப்புவார், மறுபடி கேட்பார். தன் காதில் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார். பெரிய வயிற்றோடு பம்பரில் சாய்ந்துகொண்டு நானும் கேட்பேன். எனக்கு எல்லாம் பாம்பு சீறுகிற மாதிரிதான் இருக்கும். ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று சொல்லிவைப்பேன்.

ஒருநாள் திடீரென்று அந்தக் குழாயை என் வயிற்றில் வைத்துக் கேட்டார். பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது, எடுங்கள் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. ரப்பர் குழாயில் பிள்ளைச் சத்தம் கேட்குமா, டாக்டரம்மா வைத்திருப்பது வேறு சாமான் என்று வாய்தான் சொன்னது. சாயங்காலம் உள்ளே ஒரு உதை விழுகிற வரைக்கும் எனக்குத் தண்ணீர் இறங்கவில்லை. உதைத்ததும் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையில் இருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் என் மாமியார் ஏர், மண்வெட்டி, அருவா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். காருக்கும் வைக்கச் சொன்னால் இவர் கேலி பண்ணுவார். எஞ்சினுக்கு என்ன நல்ல நாள் கெட்ட நாள் என்பார். அந்த வருஷம் யாரும் சொல்லாமலே குளித்துவிட்டு வந்து சந்தனக் கிண்ணத்தைக் கேட்டார். எனக்கு இடுப்பு வலியில் அதிகம் அரைக்க முடியவில்லை, கொஞ்சம்தான் இருந்தது. கண்ணாடிக்கு ஒன்று, ஸ்டீரிங்குக்கு ஒன்று, பானெட்டுக்கு ஒன்று வைத்தார். பிறகு பானெட்டைத் தூக்கி, முதல் கார்புரேட்டரின் மூடியில் மீதிச் சந்தனத்தை வழித்துப் பெரிதாக ஒரு பொட்டு வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தார். இரண்டாவதற்கு வரும்போது கிண்ணம் காலி. வெறும் குங்குமத்தைத் தொட்டு வைத்தார். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, வண்டியை வாசல் வரை உருட்டித் திரும்பத் தொழுவத்தில் விட்டார். ஆறேழு நாள் எடுக்கவில்லை. அடைமழை.

ஐப்பசியில் எனக்கு எட்டு நடந்துகொண்டிருந்தது. பாளையங்கோட்டைக்குப் புறப்பட நல்ல நாள் பார்த்து வைத்திருந்தோம். அதற்குப் பத்து நாள் முந்தி, காலையில் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது வலி வந்துவிட்டது. எட்டில் பிறந்தால் தங்காது என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வதுண்டு. அது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது. என் மாமியார் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பின்சீட்டில் ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டார்கள். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது.

நன்றாகத்தான் போனது. அதுவரை அந்த வண்டியில் நான் கேட்டிராத வழவழப்பான சத்தம். தென்காசியைத் தாண்டி, பாவூர்சத்திரத்தைத் தாண்டி, மழையைக் கிழித்துக்கொண்டு பறந்தது. மோட்டார் பைத்தியங்கள் சொன்னது உண்மைதான் என்று வலிக்கு நடுவில் நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. ஆலங்குளம் நெருங்கும்போது வண்டி ஒரு தடவை இருமியது.

எனக்கு அந்த இருமல் தெரியும். இரண்டு வருஷமாகத் தூக்கத்தில் கேட்ட இருமல். வயிற்றில் இருந்த வலிகூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. இன்னொரு தடவை இருமி, குலுங்க ஆரம்பித்தது. வேகம் குறைந்தது. நான் மாமியாரின் கையைப் பிடித்து நசுக்கினேன்.

"ஏலே, நிப்பாட்டி என்னன்னு பாரேன்" என்றார்கள் மாமியார்.

"நிப்பாட்ட மாட்டேம்மா."

அவர் திரும்பவில்லை. பின்கழுத்து மட்டும் தெரிந்தது, வேர்த்து வழிந்திருந்தது. எனக்குத்தான் அடுத்துச் சொன்னார். குரல் அழுகிற மாதிரி இருந்தது.

"ஒண்ணு அடைச்சுப்போச்சு. பயப்படாத. இன்னொண்ணு இழுக்கும். அதுக்குத்தானே ரெண்டு வெச்சேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேகத்துக்கு வைக்கவில்லை. அழகுக்கும் இல்லை. கடையநல்லூர் ரோட்டில் முட்டிபோட்ட மனுஷர் இரண்டு வருஷமாக அங்கேயே முட்டிபோட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, வலியினால் என்று மாமியார் நினைத்துக்கொண்டார்கள்.

நின்றால் திரும்பக் கிளம்பாது என்ற பயத்தில் அவர் எங்கேயும் பிரேக்கைத் தொடவில்லை. பாதி எஞ்சின் இழுத்தது, பாதி எஞ்சின் சும்மா ஆடியது. பஸ் முந்திக்கொண்டு போனது. சைக்கிளில் ஓலைக் குடை பிடித்துப் போன ஒருத்தர் கொஞ்ச தூரம் எங்களுக்குச் சமமாக வந்து, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, பதறிப்போய் முன்னால் ஓட்டி, ரோட்டில் கிடந்த ஆடுகளை விரட்டிவிட்டார். திருநெல்வேலி வந்தது. ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் வண்டி முனகியது, நிற்கப்போகிறது, நின்றுவிட்டது என்றே கண்ணை மூடிக்கொண்டேன். நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிய பிறகுதான் நின்றது.

மகள் மத்தியானம் பிறந்தாள். எலிக்குஞ்சு மாதிரி இருந்தாள், ஆனால் வீறிட்டு அழுதாள். தங்கமாட்டாள் என்ற பயம் எனக்கு நாற்பது நாள் வரைக்கும் போகவில்லை. ஒவ்வொரு தடவை அவள் தூங்கும்போதும் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி மரத்தடியில் அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். கார்புரேட்டர் மூடியில் குண்டூசி அளவில் ஒரு துவாரம் உண்டு. பால் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் பால் விழாது, காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட வேண்டுமில்லையா, அதே மாதிரி. அந்தத் துவாரம் வழியாகக் காற்று இறங்கினால்தான் பெட்ரோல் ஓடும். வாசல் வரை உருட்டுகிற ஓட்டத்துக்கு அந்தக் காற்று இல்லாவிட்டாலும் தெரியாது, விரட்டும்போது காட்டிக்கொடுத்துவிடும். முதல் கார்புரேட்டரில் அந்தத் துவாரத்தின் மேல் அவர் வைத்த சந்தனம் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. குங்குமம் மட்டும் வைத்த இரண்டாவதுதான் எங்களை இழுத்து வந்தது. கட்டிலருகே வந்து உட்கார்ந்து என்னிடம் இதைச் சொன்னார். நான் அரைத்த சந்தனம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் இரண்டாவதும் அடைத்திருக்கும் என்று நினைத்தபடி, பக்கத்தில் கிடந்த மகளின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

அடுத்த ஆனியில் சாரல் விழுந்தது. சிநேகிதர்கள் வந்தார்கள். தலை துவட்டாமலே தொழுவத்துக்கு ஓடி, பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொண்டாடித் தீர்த்தார்கள். கோவில்பட்டிக்காரர் அவர் தோளில் தட்டி, இரண்டு வைத்தாயிற்றே, இப்போது என்ன வேகம் போகும் என்று கேட்டார்.

என் கணவர் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுலயே பாளையங்கோட்டைக்குப் போயிரும்" என்றார்.

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தொழுவ வாசலில் நின்றிருந்தேன். இடுப்பில் இருந்த மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆறிப்போன இட்லியைச் சூடு பண்ண உள்ளே போனேன்.