கோத்தகிரியிலிருந்து வந்த பதில்

கொடைக்கானலில் ஏரிக்குப் போகும் இறக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. லாட்ஜுகளுக்கும் காட்டேஜுகளுக்கும் வெப்சைட் செய்து, அவற்றை எங்கள் சர்வரில் வைத்துப் பராமரிப்பது வேலை. அந்த சர்வர் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. சென்னையில் யாருடைய ஏசி அறையிலோ வாடகைக்கு இருந்தது. நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மழை வந்தால் செத்துப்போகும் டெலிபோன் லைன் வழியாக அதற்குள் நுழைந்து வேலை பார்ப்பேன். முதலாளி, நான், டிசைன் பார்க்கும் ஒரு பெண். அவ்வளவுதான் ஆபீஸ். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும்.

எங்களுடையது இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அப்பா பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்து, அம்மாவோடு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமிலிருந்து நீலகிரிக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை நிலைக்கவில்லை. அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் கூப்பிட்டதால் கொடைக்கானலுக்கு வந்து, கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற தோட்டங்களில் கூலிக்குப் போனார். நான் பிறந்தது இங்கேதான்.

அப்பாவுக்கு ஒரே தம்பி. சித்தப்பா மாமியார் வீட்டோடு வேறு தோட்டத்தில் இருந்ததால் அவர் பெயர் வேறு குடியுரிமை மனுவில் போய்விட்டது, அங்கேயே தங்கிவிட்டார். அப்பா நீலகிரியில் இருந்த கொஞ்ச காலம் கடிதம் வந்திருக்கிறது. பிறகு அங்கே கலவரம். அதற்கப்புறம் அப்பா போட்ட எதற்கும் பதில் இல்லை. வீட்டில் சித்தப்பாவைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் ரேடியோ செய்தியில் இலங்கை என்று காதில் விழுந்தால் சாப்பிடுகிற கை அப்படியே நின்றுவிடும்.

அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைப் படிக்கலாம் என்ற நிலைமை அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. பிரிந்துபோன தோட்டத்துச் சனங்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள ஒரு பக்கம் செய்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் பதில் போடலாம். முதலாளி தடை சொல்லவில்லை. சர்வரில் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். முதல் செய்தி அப்பாவுடையது. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். தோட்டத்தின் பெயர், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசி வீடு, தன் ஆத்தாவின் பெயர், தம்பியின் இடது மணிக்கட்டில் கஞ்சி கொட்டின தழும்பு. தழும்பைச் சொல்லும்போது, அது தன்னால் வந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

ஒரு வருஷம் போல அந்தப் பக்கத்தை யாரும் சீண்டவில்லை. பிறகு ஒரு மே மாதம், வெளிநாட்டுத் தமிழ் ரேடியோ ஒன்றில் யாரோ அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் எங்கள் சர்வர் மூச்சுவிட முடியாமல் கிடந்தது. கனடாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வருகிற ஒவ்வொருவருக்காகவும் அந்தப் பக்கத்தைப் புதிதாகக் கோத்துத் தருவதற்குள் மெமரி நிரம்பிப்போனது. அதோடு சேர்ந்து அத்தனை லாட்ஜ் வெப்சைட்டுகளும் படுத்துவிட்டன. சீசன் நேரம். முதலாளிக்குப் போன் மேல் போன்.

"ஏம்மா, சீசன்ல கஸ்டமருக்கு என்னன்னு நான் பதில் சொல்றது? அந்தப் பேஜ எடுத்துரு. சோறு போடுற சோலிய மொதல்ல பாப்போம்," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரி என்றார்.

அன்றைக்குத்தான் ரிவர்ஸ் ப்ராக்ஸி என்ற ஒன்றை உருப்படியாகப் படித்தேன். சர்வருக்கு முன்னால் வாசலில் ஒரு ஆளை நிறுத்துகிற மாதிரியான புரோகிராம் அது. வருகிறவர்கள் எல்லாரையும் அதுவே எதிர்கொள்ளும். ஒருமுறை உள்ளே போய் வாங்கி வந்த பக்கத்தை நகல் எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வருகிறவர்களுக்கு அதையே நீட்டும். நகல் பழசானால் மட்டும் மறுபடி உள்ளே போகும். எவ்வளவு நேரத்தில் பழசாகும் என்பதை நாம் சொல்லலாம். நான் கால்மணி நேரம் என்று வைத்தேன். புதிதாகச் செய்தி எழுதுகிறவர்களை மட்டும் நிறுத்தாமல் நேராக உள்ளே விடும்படி செய்தேன். சாயங்காலத்துக்குள் சர்வர் எழுந்து நின்றது. முதலாளி கீழே போய் எனக்கும் சேர்த்து பன் வாங்கி வந்தார்.

செய்திகள் பெருகின. அப்பாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தால் நேராக மாடி ஏறி வந்துவிடுவார். சேறு ஒட்டிய செருப்பை வெளியே விட்டுவிட்டு, கதவோரம் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்ப்பார். அதே பக்கம்தான் வரும். வாசலில் நிற்கிற ஆளைப் பற்றி ஒருநாள் விளக்கினேன்.

"அப்ப நான் பாக்குறது பழசா, மகள்?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரத்துக்கு முந்தினதுப்பா," என்றேன்.

பிறகும் அப்படியேதான் அழுத்திக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு. வெளியே மழை. அப்பா கதவோரம், நான் உள்ளே என் மேஜையில். வேலை காரணமாக நான் வாசல் வழியாகப் போகாமல் நேராக சர்வருக்குள்ளேயே பார்ப்பேன். அப்பாவின் செய்திக்கு அடியில் அப்போதுதான் ஒரு பதில் வந்து விழுந்தது. ஒரு பையன் எழுதியிருந்தான். நீங்கள் தேடுகிறவர் என் அப்பா என்று ஆரம்பித்திருந்தான். தோட்டம், லயம், ஆத்தாவின் பெயர், மணிக்கட்டுத் தழும்பு எல்லாம் சரியாக இருந்தன. எங்கள் அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது, நாங்கள் கோத்தகிரியில் இருக்கிறோம் என்று முடித்திருந்தான்.

அப்பாவின் முதுகைப் பார்த்தேன். நனைந்த துண்டைத் தோளில் போட்டபடி எதிரே இருந்த பழைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இன்னும் பதில் இல்லை. ஒரு வரி அடித்தால் நகலை அழித்துவிடலாம், உடனே அவருக்கும் தெரிந்துவிடும். அப்படி அவராகப் படித்துத் தெரிந்துகொள்வதை நினைக்க முடியவில்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, பதில் வந்திருக்கு."

திரையைப் பார்த்தார். "இதுல ஒண்ணும் காணோமே."

"இதுல இன்னும் வரல. நான் உள்ள பாத்தேன்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "உசுரோட இருக்கானா?" என்றார்.

நான் இல்லையென்று தலையசைத்தேன்.

"அங்கதானா?"

"இல்லப்பா. கோத்தகிரியில."

அவருக்குப் புரியவில்லை. கோத்தகிரியா என்று இரண்டு தடவை கேட்டார். பக்கத்தை இப்போதே வரவழைக்கட்டுமா என்றேன். வேண்டாமென்று கையைக் காட்டினார்.

"அது வர்றப்ப வரட்டும்."

இருவரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முன்னால் அவர் சொல்லி நான் அடித்த செய்தி மட்டும் இருந்தது. கீழே பேக்கரியில் யாரோ பாட்டு வைத்தார்கள். பிறகு அவரே அழுத்தினார், பதில் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வாய்விட்டு, கடைசி வரைக்கும் படித்தார். தம்பி மகனின் பெயரை மட்டும் மறுபடி ஒருமுறை படித்தார். அது என் அப்பாவின் பெயர்.

அடுத்த வாரம் கோத்தகிரி போனோம். பழனி, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று பஸ் மாறி மாறி. வழியில் அவர் எதுவும் சாப்பிடவில்லை. வீட்டில் சித்தப்பாவின் படத்துக்கு பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் சொன்னார். கொடைக்கானலிலிருந்து அப்பா போட்ட கடிதம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கலவரத்துக்குப் பிறகு அவர்களும் கப்பலேறி வந்திருக்கிறார்கள். மண்டபத்தில் விசாரித்தபோது, அண்ணன் நீலகிரிக்குப் போனதாகப் பதிவில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் சித்தப்பா நீலகிரியைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். வந்து தோட்டம் தோட்டமாகப் போய்த் தேடியிருக்கிறார். அதற்குள் நாங்கள் கொடைக்கானலுக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

"எங்க அண்ணன் இந்த மலையிலதான் எங்கயோ இருக்குன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு," என்றார் சித்தி. "பிள்ளைகளுக்கு முடியெறக்க பழனிக்கு வந்தோம் மாமா. ரெண்டு தடவ வந்தோம்."

அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்று, மாலையை ஒதுக்கி, அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். படத்தில் கை தெரியவில்லை.

திரும்பி வந்ததும், தன்னுடைய செய்தியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். மற்றவர்களுடையது இருந்தது, முதலாளி ஆபீஸை விற்றுவிட்டுப் போகும்வரை அந்தப் பக்கத்தை ஓட்டினேன். அதன் வழியாகச் சிலர் சேர்ந்ததாக எழுதினார்கள். அப்பாவிடம் சொன்னால், நல்லது என்பார். அந்த மாடிக்கு அவர் மறுபடி வரவேயில்லை.

தம்பி மகன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வான். முதல் தடவை அப்பாதான் எடுத்தார். ஹலோ என்றவர், கேட்டுக்கொண்டே நின்றார், பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

"நீ பேசு மகள்," என்றார். "எந்தம்பி கொரல் அப்பிடியே இருக்கு."

நான் பேசினேன். பெரியப்பா நல்லா இருக்காங்களா என்று கேட்டான். நல்லா இருக்காங்க என்றேன்.