ஆறாவது படிவம்

ஒன்பதாவது கேள்வியின் எதிரே பேனாவை வைத்துவிட்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். மை ஊறி, தாளில் ஒரு நீலப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது. தலைசுற்றல், வலிப்பு, இதயக் கோளாறு, காது கேளாமை ஆகியவற்றில் ஏதேனும் உண்டா என்பது கேள்வி. அதற்கு முன் ஐந்து படிவங்களில் யோசிக்காமல் ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன். ஆறாவது படிவம் என் மைத்துனருடையது. என் மனைவியின் அண்ணன். கீழே கையெழுத்தை மட்டும் போட்டு, மற்றதை நீங்களே நிரப்பிவிடுங்கள் என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

தூத்துக்குடியில் துறைமுகச் சரக்குகளுக்கு ஆவணங்கள் தயாரிக்கும் ஒரு அலுவலகத்தில் எனக்கு வேலை. நாங்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உப்பளச் சாலையில் சைக்கிள் ஓட்டுவோம். அதற்காகவே என் மைத்துனர் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போவதைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றிக்கொண்டார். பதினெட்டு வயதிலிருந்து கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர் அவர். ஒருநாள் அவசரமாக ஆழத்துக்கு இறங்கியபோது இடது காதுக்குள் ஏதோ கிழிந்ததுபோல் வலித்திருக்கிறது. ஒரு வாரத்தில் அந்தக் காது கேட்காமல் போய்விட்டது. ‘போதும்னு விட்டுட்டேன்’ என்றுதான் வெளியில் எல்லோரிடமும் சொன்னார். உண்மை தெரிந்தவர்கள் அவர் மனைவியும் என் மனைவியும் நானும் மட்டுமே.

எனக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். ஒரு ஞாயிறு காலை எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவரைக் காணவில்லை. நான் திரும்பிப் போய்ப் பார்த்தேன். சைக்கிள் ஓரமாகக் கிடந்தது. அவர் ஒரு மின்கம்பத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

“பூமி சுத்துது மாப்ள. ரெண்டு நிமிசத்துல சரியாயிரும். ஆருட்டயும் சொல்லாதிய.”

நான் சொல்லவில்லை. அதன் பிறகும் இரண்டு முறை அப்படி ஆனது. அப்போதும் சொல்லவில்லை.

மலைக்குப் போகலாம் என்ற யோசனை என்னுடையதுதான். மேற்கே, காட்டை ஒட்டிய மலைச்சரிவில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே தடங்கள் அமைத்து ஓர் இடம் திறந்திருந்தார்கள். வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்பினால், ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். வேன் பிடிப்பது, சாப்பாடு கட்டுவது, படிவங்களை நிரப்பி முன்கூட்டியே அனுப்புவது என எல்லாப் பொறுப்பையும் நான் ஏற்றுக்கொண்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த இடத்தின் வீடியோவைப் போனில் பார்த்தோம். ஒரு முழ அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான மண்பாதை, வேர்களையும் பாறைகளையும் தாண்டிச் சரேலென்று இறங்கியது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. பின்னால் வேகமாக வருபவர் விசில் அடித்தால் முன்னால் போகிறவர் உடனே ஒதுங்கிவிட வேண்டும் என்று அதில் ஒருவர் விளக்கினார். மற்றவர்கள் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் என் மைத்துனரின் இடது காதைப் பார்த்தேன்.

பச்சை, சிவப்பு என்று இரண்டு தடங்கள். பச்சை ஏறக்குறைய சமதளம். எங்கள் குழுவில் இரண்டு சங்குப் படகுகளுக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவர் சிவப்புத் தடம்தான் என்றார். உடனே என் மைத்துனரும் சிவப்பு என்றார். காரணம் எனக்குத் தெரியும். அடுத்த பருவத்துக்குத் தம் படகை ஓட்ட ஆள் வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அந்த வேலை தமக்குக் கிடைத்துவிடும் என்று என் மைத்துனர் நம்பிக்கொண்டிருந்தார். சங்கு குளிக்க முடியாவிட்டாலும் கடலுக்குப் போகலாம் அல்லவா?

அன்று மாலை அவரைத் தனியாகப் பார்த்து, நாம் இருவரும் பச்சைத் தடத்தில் போய்க்கொள்ளலாம் என்றேன். படிவத்தின் கேள்வியையும் சொன்னேன். அவர் வலது காதை என் பக்கம் திருப்பி முழுவதையும் கேட்டார்.

“பத்து பாகம் ஆழத்துக்குத் தண்ணிக்குள்ள போயிட்டு வந்தவன் நான். மண்ணுல விழுந்தா செத்தா போவேன்? இல்லன்னு போட்டுருங்க. அண்ணாச்சி காதுக்குப் போச்சுன்னா என் பொழப்பு போயிரும்.”

நான்கு நாட்கள் அந்தப் படிவம் என் பையிலேயே கிடந்தது. அலுவலகத்தில் கப்பல் சரக்குப் பட்டியல்களைச் சரிபார்க்கும்போதும் அந்தக் கேள்விதான் கண்முன் நின்றது. பொய் எழுதி அனுப்பி, அவர் ஏதாவது ஒரு வளைவில் கண்ணை மூடி நின்றுவிட்டால்? பின்னால் வருகிறவனின் விசில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் அவருக்குத் தெரியப்போவதில்லை. என் மனைவியிடம் சொன்னேன். அண்ணனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அண்ணி முகத்தில் யார் விழிப்பது என்று மட்டும் கேட்டாள். ஐந்தாம் நாள், ‘ஆம். தலைசுற்றல் உண்டு. இடது காது கேட்காது’ என்று எழுதி, ஆறு படிவங்களையும் ஒன்றாக அனுப்பிவிட்டேன். அவர்கள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, பச்சைத் தடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, வேனில் ஏறும்போதும் சொல்லாமலே ஏறினேன்.

மலை ஏறத் தொடங்கியதும் அவர் பேச்சு நின்றது. கொண்டை ஊசி வளைவுகளில் முன்சீட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை அரும்பியது. வயிற்றைப் புரட்டுகிறதா என்று யாரோ கேட்டார்கள். அவர் சிரித்துச் சமாளித்தார்.

அங்கே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் ஒரு பெண் படிவங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு ஹெல்மெட் கொடுத்தாள். ஆறாவது படிவத்தில் நின்றாள். தலைசுற்றல் இருக்கிறது, ஒரு காது கேட்காது என்று எழுதியிருக்கிறீர்களே, டாக்டர் சான்றிதழ் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். அது இல்லாமல் எந்தத் தடத்திலும் விட முடியாது என்றாள். அவள் மீது தப்பில்லை. அவள் வேலை அது.

அண்ணாச்சி கையுறையை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். என் மைத்துனர் என்னைப் பார்த்தார். யாரோ தவறாக எழுதிவிட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லிவிட்டுச் சிவப்புத் தடத்தில் இறங்கிவிடுவாரோ என்று அந்தக் கணத்தில் பயந்தேன்.

“உள்ளதுதாம்மா. சான்றிதழ் இல்ல. நான் இங்கன இருக்கேன்.”

நானும் உடன் இருக்கிறேன் என்றேன். போய் வாருங்கள் என்று கையைக் காட்டினார். பச்சைத் தடத்தில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். காட்டில் என்ன பார்த்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. திரும்பியபோது அவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி, வந்து சேர்ந்தவர்களின் சைக்கிள்களிலிருந்து சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் சைக்கிளையும் கழுவினார்.

படகு வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டார். ஒரு மாதம் பொறுத்து அவர் வீட்டுக்குப் போனேன். பயந்துதான் அப்படி எழுதினேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எழுதுனது சரிதான் மாப்ள. நடுக்கடல்ல எனக்குச் சுத்தியிருந்தா, போட்ல கூட இருக்கவன் கதி என்ன? அத நானே நெனச்சுப் பாத்துட்டேன். ஆனா எழுதப்போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தியன்னா, அண்ணாச்சிட்ட நானே போய்ச் சொல்லியிருப்பேன்.”

இப்போது அவர் ஒரு ஐஸ் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறார். நல்லது கெட்டதுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்; எப்போதும்போல மாப்ள என்றுதான் கூப்பிடுகிறார். தலைசுற்றல் வெகுவாகக் குறைந்துவிட்டதாக என் மனைவி சொல்கிறாள். என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. படிவத்தை அனுப்புவதற்கு முன் நான் சொல்லியிருந்தால் உண்மையிலேயே அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பை அவரிடம் கேட்காமலே நான் பறித்துக்கொண்டேன்.