ஜெகதீஸ்வரிக்கு வந்த மூளைப் பயிற்சி

ஜெகதீஸ்வரிக்கு மூளை தடுமாறுகிறது என்று தீர்மானித்தது கொழும்பு வெள்ளவத்தையில் எவருமில்லை; கனடாவில் இருந்த அவளுடைய மகள் அருந்ததி. யாழ்ப்பாணத்துத் தொலைபேசிக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் கொழும்புக்கு வந்த மனுசி. கணவர் போன பிறகு கடற்கரைப் பக்கத்துப் பிளாட் ஒன்றில் தனியே சமைத்து, தனியே சந்தைக்குப் போய், ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் இருந்தவள்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு காலைச் சுற்றிவளைப்பில்தான் வினை வந்தது. பிளாட் பிளாட்டாக ஏறி வந்த பொலிஸ்காரன், ஊர் எது என்று சிங்களத்தில் கேட்டான். யாழ்ப்பாணம் என்றாள். வெள்ளவத்தை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பக்கத்துப் பிளாட்காரர் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். இவளை மட்டும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பொழுதுபடுமட்டும் பொலிஸ் ஸ்டேஷன் வாங்கில் இருத்தி வைத்தார்கள்.

கதை கடல் தாண்டிப் போனபோது, அம்மாவுக்குத் தன் விலாசமே மறந்துபோய்விட்டது என்று ஆகியிருந்தது. கேட்டது ஊரை, சொன்னதும் ஊரை. இதற்குப் பெயர் மறதியாம்.

அருந்ததி கணினியில் மூளைப் பயிற்சி ஒன்றைத் தேடிப் பிடித்தாள். படங்களைச் சோடி சேர்க்க வேண்டும். வந்து மறைகிற இலக்கங்களை ஞாபகம் வைத்துத் திரும்ப அடிக்க வேண்டும். முதலில் டொக்டர்மார் சொல்வதாகச் சொன்னாள். பிறகு பேரப்பிள்ளைகளை ஃபோனில் கெஞ்ச வைத்தாள். ஜெகதீஸ்வரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் மகள் வாய்விட்டே சொன்னாள்: கிழமைக்கொருக்கால் புள்ளி வரவேண்டும், குறைந்தால் பிளாட்டை விற்றுவிட்டு அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டுவிடுவாளாம். பிளாட் மகளின் பெயரில் இருந்தது.

அந்தப் பயம்தான் ஜெகதீஸ்வரியைக் கீழ்த்தட்டுக் கொமியூனிகேஷனுக்கு இறக்கியது. ஃபோனும் இரண்டு கணினியும் வைத்து லுத்பியா நடத்துகிற கடை. விடை சரியென்றால் திரையில் ஒரு கரடிக்குட்டி கைதட்டும். தன்னைப் பாலர் வகுப்பிலா சேர்த்திருக்கிறாள் என்று மகளையும், சனியனே அங்காலே போ என்று கரடியையும் திட்டித் திட்டியே இலக்கம் அடித்தாள். கோபத்தில் புள்ளி ஏறியது. கிழமைக்குக் கிழமை லுத்பியா அதை அனுப்ப, அங்கே மகள் பிளாட்டை விற்கிற கதையை விட்டாள்.

அப்படியிருக்க, பக்கத்துப் பிளாட் நாகேந்திரத்தின் மகனை வேலையால் வரும் வழியில் யாரோ வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாகேந்திரமும் மனைவியும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தார்கள். பிள்ளை வரவில்லை. அந்தக் கிழமை ஜெகதீஸ்வரி கணினிக்கு முன்னால் குந்தியபோது ஒரு இலக்கமும் நிற்கவில்லை. புள்ளி பாதியாய் விழுந்தது.

லுத்பியாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "ஆன்ட்டி, நான் வெளாடித் தாறன். மகளுக்கு வெளங்கவா போகுது?"

ஜெகதீஸ்வரிக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி அனுப்பச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. அருந்ததி அழுதாள். தான் அப்பவே சொன்னதாகவும், இனிப் பொறுக்க ஏலாது, டிக்கெட் போடப்போவதாகவும் சொன்னாள்.

"போடாதை பிள்ளை," என்றாள் ஜெகதீஸ்வரி. "பக்கத்து வீட்டுப் பெடியனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். எனக்கு இலக்கம் நிக்கேல்லை. நிண்டிருந்தால்தான் எனக்கு மூளை பழுது. பிளாட்டை விக்கிறதெண்டால் வில். நான் லொட்ஜிலை போய் இருப்பன். மறக்கிறதெண்டாலும் இஞ்சை இருந்துதான் மறப்பன்."

சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். லுத்பியா கணினியை நிற்பாட்ட எழும்பினாள்.

"நிப்பாட்டாதை, திரும்பப் போடு," என்றாள் ஜெகதீஸ்வரி. "இதை ஒருத்தருக்கும் அனுப்பத் தேவையில்லை."