கரப்பான் பண்டம்

ரப்பர்ப் பால் வாளியை ஸ்டோரில் இறக்கிவைத்ததும் நல்லம்மாள் தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் போவதில்லை. நேரே ஆயாக் கொட்டகைக்குத்தான். கையில் காய்ந்து ஒட்டிய பாலைத் தேங்காயெண்ணெய் தொட்டு உரித்துப் போட்டுவிட்டு, தொட்டிலிலிருந்து மகன் அர்ச்சுனனைத் தூக்குகிறாள். பசியில் அவன் வீரிட்டாலும் உடனே மாரில் போடமாட்டாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காதின் பின்புறம், கழுத்து மடிப்பு, முழங்கால் குழி என்று ஒவ்வோர் இடமாக விரலால் விலக்கிப் பார்த்தாக வேண்டும். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்லாயி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "அடகு வச்ச நகையத் திருப்புற மாதிரி பாக்கிறியே. ஒண்ணும் தேயல, எடுத்துட்டுப் போ" என்பாள். நல்லம்மாள் சிரிப்பதில்லை.

மலாய் நாட்டுக் கோலா கங்சாருக்குத் தெற்கே இருக்கும் இந்தத் தோட்டத்தில் அவளைப்போல விரைவாகப் பால்மரம் சீவுகிற பெண் இல்லை. சுறுசுறுப்பு என்று கங்காணி மெச்சுகிறார். அது பயம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மூத்தவள் பாப்பாவுக்குக் கைக்குழந்தையாய் இருந்தபோதே கரப்பான் கண்டுவிட்டது. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சொறிந்து சொறிந்து நீர் வடியும். தூங்கும்போது விரல்களுக்குப் பழந்துணி சுற்றிக் கட்டுவாள் நல்லம்மாள். நடை பழகிய பிறகு ஒருநாள் முதன்முதலாக அவளுக்கு முட்டை ஊட்டினார்கள். இரண்டு வாய் உள்ளே போவதற்குள் உதடு தடித்தது, கண் வீங்கி மூடிக்கொண்டது, மூச்சு விசிலடித்தது. மாட்டு வண்டி கோலா கங்சார் ஆஸ்பத்திரியைச் சேரும்வரை தாய் மகள் பெயரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே போனாள். பிள்ளை பிழைத்தது. தாய்க்குத்தான் அன்றிலிருந்து நிம்மதி இல்லை.

எதைத் தின்றால் கரப்பான் கிளம்பும் என்று லயத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். முட்டை கரப்பான் பண்டம், மீன் கரப்பான் பண்டம், கடலை, கத்தரிக்காய், சோளம், எல்லாமே கரப்பான் பண்டம். யார் சொன்னதையும் அவள் தள்ளவில்லை. அர்ச்சுனன் வயிற்றில் வந்ததும் தன் வாயையும் கட்டினாள். "நா தின்னா பாலுல எறங்கும்லா" என்று மிளகு ரசமும் சோறுமாய்க் காலம் தள்ளினாள். புருஷன் மாயாண்டி பக்கத்து வீட்டில் கருவாடு தின்றுவிட்டு வந்தால், மகனைத் தொடுமுன் அவன் கையை மோந்து பார்ப்பாள். "நா என்ன பூனையா?" என்று கேட்டுக்கொண்டே அவன் கழுவப் போவான்.

மகனுக்குத் தாய்ப்பாலும் கஞ்சியும் மட்டுமே. அப்படியும் பிள்ளை தேறவில்லை. கன்னத்தில் சொரசொரவென்று ஒரு திட்டு வேறு வந்துவிட்டது.

போன மாதம் ஒரு நண்பகல், அவன் மோவாயில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது.

"என்னக்கா இது?"

செல்லாயி மறைக்கவில்லை. "முட்ட மஞ்சக்கரு. நல்லா வேகவச்சு, ஒரு சிட்டிக கஞ்சியில கரைச்சேன். இன்னிக்கு மட்டும் இல்ல, பல்லு மொளச்சதிலேருந்து குடுத்துட்டுத்தான் வாரேன். எலும்பும் தோலுமா கெடந்தானே."

நல்லம்மாள் பிள்ளையை அள்ளிக்கொண்டு தோட்டத்து மருந்துக் கொட்டகைக்கு ஓடினாள். அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் இராமசாமி குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா."

"இனிமே வருமாய்யா?"

"மூத்தவளுக்கு ஆகலேன்னா இவனுக்கும் ஆகாதுன்னு இல்ல. ஒண்ணும் செய்யாதுன்னு அடிச்சுச் சொல்லவும் எனக்குத் தெரியாது. இத்தன நாளா ஒத்துக்கிட்டு வந்திருக்கு. பாரேன்."

அவள் பார்த்தாள். அந்தி சாயும்வரை அங்கேயே படியில் உட்கார்ந்து, துணியில்லாத பிள்ளையை மடியில் போட்டு, உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காலை உதைத்து விளையாடினான்.

மறுநாள் அவனை முதுகில் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனாள். பிள்ளையை விட்டுவிட்டு வரச் சொல்லிக் கங்காணி திருப்பி அனுப்பிவிட்டார். ஆயாக் கொட்டகை வாசலில் செல்லாயி அழுத கண்ணோடு நின்றிருந்தாள்.

"கேக்காம குடுத்தது தப்புதான், நல்லம்மா."

"அவனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

செல்லாயி கையை மட்டும் நீட்டினாள். அர்ச்சுனன் தாயின் தோளிலிருந்து தாவி அவளிடம் போய்விட்டான்.

நல்லம்மாள் பிள்ளை கட்டிய துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நீ குடுக்காதக்கா. குடுக்கிறதா இருந்தா நா குடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு நடந்தாள்.

வேலையில்லாத ஒரு காலையில், பக்கத்துக் கிராமமான கம்பத்திலிருந்து வரும் மலாய்க்காரியிடம் முட்டை வாங்கினாள். பாப்பாவைத் தகப்பனோடு ஆற்றுப் பக்கம் அனுப்பிவிட்டு, அதற்கென்று வைத்த தனிச் சட்டியில் கல்லாய் இறுகும்வரை வேகவைத்தாள். மஞ்சள் கருவில் ஒரு துளி கிள்ளிக் கஞ்சியில் குழைத்தாள். விரல் அவன் உதட்டருகே போவதும் திரும்புவதுமாக இருந்தது. பொறுக்கமாட்டாமல் அர்ச்சுனன் அந்த விரலைப் பிடித்து வாய்க்குள் இழுத்துக்கொண்டான்.

இப்போது அவளேதான் கொடுக்கிறாள். பிள்ளைக்குக் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. கன்னத்துத் திட்டு மறையவும் இல்லை, பரவவும் இல்லை. ஒரு கையால் ஊட்டும்போது மற்றக் கை அவன் நெஞ்சின்மேல் விரிந்திருக்கிறது. கிண்ணம் காலியான பிறகும் அந்தக் கையை அவள் எடுப்பதில்லை.