கை தூக்கினால் பந்து நிற்கும்

பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பதால் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் வந்தது. பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாயங்காலமானால் தொப்பியை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குப் போய், அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுப்பாள். சம்பளம் கிடையாது. ஏன் இந்த வேலை என்று கேட்டால், "கிளினிக்ல எல்லாரும் வாயத் தொறந்துதான் இருக்காங்க, ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க. அதான் இங்க வரேன்" என்பாள்.

டாக்டர் கைராசிக்காரர், நல்ல மனுஷர். ஆனால் குழந்தைகள் வந்தால் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வலிக்கவே வலிக்காது கண்ணு" என்று கூசாமல் புளுகுவார். அதே குழந்தை அடுத்த முறை வாசலிலேயே நின்று ஊரைக் கூட்டும். பல்லக்கா குனிந்து குழந்தையின் காதில் வேறு மாதிரி சொல்வாள். "வலிக்கும். கொஞ்ச நேரந்தான். தாங்க முடியலன்னா கையத் தூக்கு, உடனே நிறுத்தச் சொல்றேன்." கை தூக்கிய குழந்தைகள் குறைவு. தூக்கினால் நிற்கும் என்று தெரிந்ததிலேயே அதுகளுக்குப் பாதி தைரியம் வந்துவிடும்.

இவ்வளவு விவரமானவள் மைதானத்தில் என்ன செய்தாள் என்பதுதான் வேடிக்கை.

அவள் தங்கைக்கு ஒரே மகள். அணில் என்று கூப்பிடுவார்கள். ஓட ஆரம்பித்தால் பிடிக்க ஆளில்லை. ஆனால் பந்து எதிரே வந்தால் போதும், கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவாள். ஆசை மட்டும் மூன்றாம் பேஸில், அதாவது ஓடுகிறவர்கள் தொட வேண்டிய மூன்றாவது முனையில், நிற்க வேண்டுமென்று. அங்கேதான் அடித்த பந்து அடித்த வேகத்திலேயே வந்து விழும். ஏற்கெனவே முழங்கையிலும் நெற்றியிலும் வாங்கியிருக்கிறாள். "இன்னொரு தடவ அடிபட்டு வந்தா அந்தப் பக்கமே போகக்கூடாது" என்று அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அந்த அம்மா தையற்கடை வைத்திருப்பவள். சொன்னால் சொன்னதுதான்.

பல்லக்கா ஒரு வழி யோசித்தாள். பந்துக்கு ஒரு நிறமாக வட்டம் வரைந்தாள். அவள் எறியும் பந்து பிள்ளைகளுக்குப் பக்கவாட்டில் போய்ப் பின்னாலிருக்கும் வலையில் விழும். பிடிக்க வேண்டாம், நிறத்தை மட்டும் கத்திச் சொன்னால் போதும். நிறம் சொல்ல வேண்டுமென்றால் கண் திறந்துதானே ஆக வேண்டும்? மற்ற பிள்ளைகள் திணறினார்கள். அணில் மட்டும் தொப்பியின் விளிம்பை நன்றாக இறக்கிவிட்டுக்கொண்டு, "சிவப்பு! நீலம்! பச்சை! மஞ்சள்!" என்று ஒன்றுகூடத் தவறாமல் சொன்னாள். பெரியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அணிலை மூன்றாம் பேஸில் நிறுத்தி, "வா, பயப்படாத, வலிக்காது!" என்று மட்டையால் ஓங்கி அடித்தாள்.

பந்து தரையில் ஒரு குதி குதித்து நேராக வாயில் பட்டது.

முன்பல் ஆடிவிட்டது. கிளினிக் நாற்காலியில் அணில் சாய்ந்திருக்க, டாக்டர் வழக்கம்போல ஊசியை ஒளித்தார். அணில் அவரைப் பார்க்கவில்லை, பெரியம்மாவைப் பார்த்தாள். "வலிக்கும்" என்றாள் பல்லக்கா. அணில் தலையாட்டிவிட்டு வாயைத் திறந்தாள்.

பல்லைக் கம்பி போட்டுக் கட்டி முடித்து டாக்டர் வெளியே போனதும், மரத்துப்போன உதட்டோடு அணில் மெல்லச் சொன்னாள்.

"நான் ஒரு நாள்கூட கண்ணத் தொறக்கல பெரியம்மா."

"பின்ன எப்படிடி கலரெல்லாம் சரியாச் சொன்ன?"

"நீங்க எப்பவும் ஒரே வரிசையிலதான போடுவீங்க. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்."

பல்லக்கா பக்கத்திலிருந்த தட்டைப் பார்த்தாள். சின்னக் கண்ணாடி, கொக்கி, இடுக்கி, பஞ்சு. கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துக்கொடுக்கலாம், அப்படி ஒரு ஒழுங்கு. பந்துக் கூடையையும் அதே கைதான் அடுக்கியிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமேடி."

"நீங்க வலிக்காது வலிக்காதுன்னே சொன்னீங்க. எனக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சேன். இங்க மட்டும் உண்மையச் சொல்றீங்க, அங்க ஏன் பொய் சொன்னீங்க?"

பல்லக்கா தட்டிலிருந்த பஞ்சை எடுத்து அவள் உதட்டோரத்தைத் துடைத்தாள். அதற்குள் தங்கை வந்துவிட்டாள், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு.

"ஊர்ப் பிள்ளைங்க பல்லக் கட்டுறது உன் தொழில், சரி. என் பிள்ளை பல்ல ஒடைக்கிறதும் நீதானா? இதுக்கு சாஃப்ட்பால்னு பேரு வேற வச்சிருக்கான் படுபாவி! போதும்க்கா. இனிமே இவ அங்க வர மாட்டா."

அணில் தேம்பித் தேம்பி அழுதாள். அது பல்லுக்காக அழுத அழுகை இல்லை என்று இரண்டு பெண்களுக்கும் தெரிந்தது.

பல் இறுகி, கம்பி கழற்றிய பிறகு பல்லக்கா தையற்கடைக்குப் போனாள். தங்கை தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"வலிக்காதுன்னு சொல்ல வரல," என்றாள் பல்லக்கா. "பந்து பட்டா வலிக்கும். எப்படிப் பட்டா கொறைவா வலிக்கும்னு சொல்லிக்கொடுக்கிறேன். அவ கையத் தூக்கினா நிறுத்திடுவேன். நீயும் வந்து நில்லு. நீ தூக்கினாலும் நிறுத்திடுவேன்."

இயந்திரம் ஒரு சட்டையின் பக்கம் முழுக்க ஓடி முடித்தது.

"மொகத்துக்குக் கம்பிக் கவசம் மாட்டுவியா?"

"எல்லாருக்கும் மாட்டுவேன்."

"ஒரு நாள் வந்து பாக்கறேன். எனக்குப் பிடிக்கலன்னா அதோட சரி."

அந்த ஒரு நாளும் வந்தது. பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, "பந்து பட்டா வலிக்கும். பயமா இருக்கறவங்க கையத் தூக்குங்க" என்றாள் பல்லக்கா. ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒரு கை, பிறகு பொலபொலவென்று எல்லாக் கைகளும். மைதானத்தையே ஆட்டிப்படைக்கும் அணித்தலைவியின் கையும் மேலே போனது. கடைசியில் பல்லக்காவும் தன் கையைத் தூக்கினாள். அணில் அதைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

முதலில் தண்ணீரில் முக்கிய ஸ்பாஞ்சு உருண்டைகள். பந்து வந்தால் தோளைத் திருப்பி, தாடையை நெஞ்சோடு சேர்த்து, முதுகில் வாங்க வேண்டும். எல்லோரும் நனைந்து கூத்தடித்தார்கள். அப்புறம் டென்னிஸ் பந்து. அப்புறம் நிஜப் பந்துகள். இந்த முறை வாளியில் கொட்டிக் கலைத்து, பார்க்காமலே கைவிட்டு எடுத்தாள்.

அணில் மூன்றாம் பேஸில் நின்றாள்.

"மஞ்சள்!" சரி. பந்து கையுறைக்குப் பக்கத்தில் உருண்டு போனது. அடுத்ததற்கு முன்னால் அணில் கையைத் தூக்கினாள். பல்லக்கா மட்டையைக் கீழே வைத்தாள். அணில் இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கையை இறக்கினாள்.

"சிவப்பு!"

அதுவும் சரிதான். ஆனால் பந்து கல்லில் பட்டு எகிறியது. அணில் திரும்பிக்கொண்டாள், தோளில் பொத்தென்று விழுந்தது. வேலியோரத்தில் நின்ற அவள் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைத் தூக்கிவிட்டாள்.

பல்லக்கா எடுத்த பந்தைத் திரும்ப வாளியில் போட்டாள். சொன்ன சொல் சொன்ன சொல்தான். இனி ஆட்டம் இல்லை என்றால் இல்லை.

அணில் தோளைத் தேய்த்துக்கொண்டாள். முகக் கவசத்தின் கம்பிக்குள் கண் கலங்கியிருந்தது, ஆனால் திறந்திருந்தது.

"அம்மா, நல்லா வலிக்குது," என்றாள். "நான் கையத் தூக்கலையே. நீயும் கைய எறக்கும்மா. கண்ணத் தொறந்து பாரு."

அம்மா கண்ணைத் திறந்தாள். மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்கிய கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

பல்லக்கா வாளிக்குள் கைவிட்டாள். பந்து தரையோடு தரையாகச் சீறிப் போனது. "நீலம்!" என்று கத்தியபடியே அணில் முன்னால் பாய்ந்து அதைக் கையுறைக்குள் அள்ளினாள். அதே நேரத்தில் வேலியோரத்திலிருந்து இன்னொரு குரலும் நீலம் என்றது.