மேட்டில் நிற்கும் ஜீப்

காட்டிலும் ஆற்றிலும் ஓட்டுவதற்கென்று என் கணவர் ஒரு ஜீப் வாங்கினார். அது அடையாறு சிக்னலைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு நல்ல மேப் கிடைக்கவில்லை. ஞாயிறுதோறும் நண்பர்கள் எங்கள் கூடத்தில் கூடிவிடுவார்கள். ஒரு மேப் சாஃப்ட்வேரில் மலையின் ஏற்ற இறக்கம் கோடு கோடாகத் தெரியுமாம். இன்னொன்று டவர் இல்லாத இடத்திலும் வேலை செய்யுமாம். "மேடு பள்ளம் தெரியாம வண்டிய இறக்கக் கூடாது மச்சி" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் நான் போட்ட பஜ்ஜியைத் தின்றபடி தலையாட்டுவார்கள். எங்கள் கல்யாணப் பேச்சுகூட இவ்வளவு இழுக்கவில்லை. கடைசியில் இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கினார்.

அந்த மழைக்காலத்தில் புயல் வந்தது. தி.நகரில் ஒரு பள்ளமான தெருவில், தரைத்தளத்தில் அம்மா தனியாக இருந்தாள். முழங்கால் வலி, படி ஏற முடியாது. காலையில் போன் செய்தாள். "தண்ணி உள்ள வந்துடுச்சுடி."

ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். ஜீப் இல்லை. உள்ளே வந்து இவரைக் கேட்டேன். முந்தின நாளே ஊரார் கார்களை மேம்பாலத்தில் நிறுத்தியபோது இவரும் கொண்டுபோய் விட்டிருக்கிறார். எது மேடு என்று மேப்பில் பார்த்தாராம். பாலம் உயரம் என்று சொல்ல ஒரு சாஃப்ட்வேர்!

"போய் எடுத்துட்டு வாங்க, அம்மாவக் கூட்டிட்டு வரணும்" என்றேன்.

"தண்ணியில இறக்கினா இன்ஜின் போயிடும்" என்றார்.

ஆற்றில் ஓட்ட வாங்கிய வண்டி. எனக்குக் கோபம்கூட வரவில்லை. சாவியை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

தெருவில் முதலில் வந்த ஆட்டோவை நிறுத்தினேன். "குந்துமா, போற வரைக்கும் போலாம்" என்றார் ஓட்டுநர். அம்மாவின் தெருமுனைவரை போனோம். அதற்குமேல் இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் நான் நடந்தேன். அம்மா மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில்மேல் இருந்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் அவளை நாற்காலியோடு தூக்கிவந்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் துண்டைக் கொடுத்தேன். தலையைத் துவட்டுமுன் அம்மா உண்மையான கவலையோடு கேட்டாள்.

"மாப்பிள்ளை, வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவர் முகம் மலர்ந்தது. "பத்திரமா மேட்டுல நிக்குது அத்தை" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடத்தை மேப்பில் காட்டத் தொடங்கினார்.